எடை பார்த்து வாங்கிய கமரா

நான் கை நீட்டுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அடித்தேன். கிரிக்கெட் மைதானத்தில் ஸ்டம்பைப் பிடுங்கி அடித்தேன். கல்முனை பஸ் நிலையத்தில் மரியாதையில்லாமல் கதைத்த ஒரு கொண்டக்டரை அவனுடைய பையாலேயே அடித்தேன். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகத் தொடங்கிய பிறகும் குணம் மாறவில்லை. மருதமுனையில் ஒரு மாப்பிள்ளையின் சாச்சா, நான் அவரைக் கறுப்பாக எடுத்துப்போட்டேன் என்று பத்துப் பேர் நடுவில் சொன்னார். கலியாணப் பட அல்பத்தை மூடி அதாலேயே தலையில் ஒன்று போட்டேன். அந்தக் கதையை ஊரில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னிடம் அடி வாங்கிய எல்லோரும் எழுந்து நடந்து போனதால்தான் அது சிரிப்பாக இருந்தது.

என் மனைவியின் தம்பியும் எழுந்து நடந்துதான் போனான். அவனுடைய வலது கண் மட்டும் பிறகு வேலை செய்யவில்லை.

மச்சானுக்கு அப்போது முப்பது வயது. வேறு தொழில் எதுவும் சரிவராமல் என்னோடு வந்து சேர்ந்தவன். கமரா பிடிக்க நான்தான் பழக்கினேன். மூன்று வருடத்தில் என்னைவிட நன்றாக எடுத்தான். இதை இப்போது எழுத முடிகிறது, அப்போது நினைக்கக்கூட வயிறு எரிந்தது. அவன் சத்தமில்லாமல் ஒரு மூலையில் நிற்பான். ஆட்கள் அவனை மறந்துவிடுவார்கள், அவன் எடுத்துவிடுவான். நான் அப்படியில்லை. என்னிடம் இருந்தது இரும்புக் கட்டி மாதிரி ஒரு பெரிய கமரா, அதன் முன்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். அதைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் கூட்டம் விலகி வழிவிடும். கழுத்து வலித்தால்தான் தொழில் செய்த திருப்தி எனக்கு. சிறிய கமராவோடு வருகிறவர்களைப் பார்த்து, விளையாட்டுச் சாமான் கொண்டு வந்திருக்கிறான் என்று பகிடி பண்ணுவேன்.

கலியாணம் முடிந்த ஒரு சோடியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம், பின்னேரம். வெயிலும் மணலும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. காலையில் எடுத்த படங்களை மாப்பிள்ளை அங்கே நின்றபடி பார்த்துவிட்டு, தம்பி எடுத்ததுதான் நன்றாக வந்திருக்கிறது, மிச்சத்தையும் அவரே எடுக்கட்டும் என்றார். பழுதில்லாத, மரியாதையான சொல். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மச்சான் லென்ஸ் மாற்றக் குனிந்தான். கழற்றிய கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடிக்க வேண்டும், நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அவன் அவசரத்தில் மேலே பார்க்கப் பிடித்துவிட்டான். காற்று ஒரு பிடி மணலை அள்ளி உள்ளே போட்டது. எனக்கு வேண்டிய சாட்டுக் கிடைத்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், அவனுடைய உம்மாவையும் சேர்த்து. அவன் தலை நிமிராமல் ஊதி ஊதி மணலைத் துடைத்தான். அந்தப் பொறுமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த என்னுடைய கமராவை, பிடி விடாமல், அவன் முகத்தில் வீசினேன்.

சத்தம் பெரிதாக வரவில்லை. லென்ஸின் விளிம்பு அவன் புருவத்துக்குக் கீழே இறங்கியது. அவன் முழங்காலில் விழுந்தான். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது மாப்பிள்ளை பாய்ந்து என் கையைப் பிடித்தார். அவருடைய வெள்ளைக் கோட்டில் இரத்தம் தெறித்திருந்தது. பெண் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதல் அடியைக் கோபம் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விரல்களுக்கு இடையால் இரத்தம் வடிய அவன் சொன்னது ஒன்றுதான்.

“மச்சான், இந்தப் பக்கம் ஒண்டும் தெரியுதில்ல.”

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, தோணியில் தடக்கி விழுந்ததாகச் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓம், தோணியில்தான் என்று நானும் தலையாட்டினேன். இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்தார்கள். கடைசியில் வெளிச்சம் வந்தால் வந்தது என்று மட்டும் தெரியும், உருவம் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணின் சீதனம், ஆண் அங்கே போய்க் குடியிருக்கிறவன். சண்டை முற்றினால் வெளியே போவது அவன்தான். மனைவி என் உடுப்புகளை ஒரு பேக்கில் போட்டுக் கேற்றடியில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போனேன். அது இப்போது என் தங்கச்சியின் வீடு. நாலு மாதம் அங்கே ஹோலில் பாய் போட்டுக் கிடந்தேன். தங்கச்சியின் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், மாமாவுக்குக் கிட்டப் போக வேண்டாம் என்று.

பள்ளிவாசலில், அதை நிர்வகிக்கிற மரைக்காயர்மார் எங்கள் இருவரையும் இருத்திக் கதைத்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் மாப்புக் கேட்டேன். மச்சான் எழுந்து வந்து ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்தான். விசயம் முடிந்தது என்றார்கள். அவனுடைய நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனுக்குத் தொழில் போய்விட்டது. பெரிய கமராவில் ஒற்றைக் கண்ணைத் துளையில் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அவன் பழகியது வலது கண்ணால். இடது கண்ணை வைத்தால் மூக்கு இடித்தது, விரல்கள் தடுமாறின, சற்று நேரத்தில் தலை பிளக்க ஆரம்பித்தது. எடுத்த படங்களில் பாதித் தலைதான் இருந்தது. கமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு, மீன் வாடியில் ஐஸ் உடைக்கப் போகப்போவதாகத் தமக்கையிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து எனக்கு ஆள் வந்தது. தம்பிக்கு வேறு கமரா வாங்கப் போகிறாளாம், கமரா விசயம் தெரிந்தவன் நான் என்பதால் கடைக்கு வரவேண்டுமாம். தெரிவு செய்வது அவள்தானாம். என் பெரிய கமராவையும் லென்ஸையும் விற்றுவிட்டாள் என்பதையும் வந்தவர்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலைமையிலும் வந்தது பாருங்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் அந்தக் கடை. மனைவி கறுப்பு அபாயாவோடு கதிரையில் இருந்தாள், மச்சான் அவளுக்குப் பக்கத்தில். கடைக்காரர் மூன்று சின்னக் கமராக்களைக் கண்ணாடி மேசையில் வைத்தார். பெரிய கமராவுக்குள் இருக்கிற முகக்கண்ணாடி இல்லாததால் இவை இவ்வளவு சின்னவை, ஆனால் லென்ஸைப் பெரியது போலவே கழற்றி மாற்றலாம் என்று விளங்கப்படுத்தினேன். கண்ணை ஒட்டி வைக்கத் தேவையில்லை. பின்னாலுள்ள திரையை நிமிர்த்தினால் கோப்பையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்து எடுக்கலாம். மச்சான் திரையைத் தொட்டுப் பார்த்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு ஆசையைக் கண்டேன். அவனுக்கு இது சரிவர வேண்டும் என்று நான் மனதுக்குள் துஆக் கேட்டேன், பொய்யில்லை.

மனைவி ஒவ்வொரு கமராவாகத் தூக்கி, அதாலே தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள். மெதுவாக இல்லை, சளார் சளார் என்று. கடைக்காரர் பதறிப்போய் எடை எத்தனை கிராம் என்று சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை.

“இதால ஒராளுக்கு அடிச்சாக் கண் போகுமா?” என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஊரில் தெரியாத ஆள் யார் இருக்கிறார்கள்.

“ராத்தா, இது படம் எடுக்கிற சாமான்.”

“மத்ததும் படம் எடுக்கிற சாமான்தான்.”

அவர் பேச்சை மாற்றினார். எல்லாவற்றிலும் சிறியதை எடுத்து, இது ஆட்களின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி மச்சான் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்து, அவனுடைய இடது கண்ணில் போய் நின்றது. கடைக்காரர் கமராவைத் திருப்பி வைத்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டார்.

அந்தச் சிறியதுதான் முடிவானது. அதற்கு பிஸ்கட் தடிப்பில் ஒரு தட்டை லென்ஸ். மனைவிக்கு அது போதும். நீட்டு லென்ஸ் ஒன்றும் வேண்டும் என்றேன் நான். மண்டபத்தின் பின்னால் நின்று மேடையை எப்படி எடுப்பது? குழாய் ஒன்றும் வேண்டாம் என்றாள். நான் விளங்கப்படுத்தினேன். அவள் வேண்டாம் என்றாள். என் குரல் உயர்ந்தது. எனக்கே தெரிந்தது, ஆனால் இறக்க முடியவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். கடைக்காரர் வைத்திருந்த நீட்டு லென்ஸைப் பிடுங்கிச் சின்னக் கமராவில் பூட்டினேன். இது பாரமே இல்லை, நீயே பிடித்துப் பார் என்று சொல்ல, கமராவைத் தூக்கிக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினேன். கொடுக்கத்தான் தூக்கினேன்.

அவன் கதிரையோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். முதுகு அடித்து அலுமாரியின் கண்ணாடி உடைந்து பொலபொலவென்று கொட்டியது. விழுந்தவன் நிலத்தில் கையூன்றவில்லை, கண்ணாடித் துண்டு பின்கழுத்தைக் கிழித்ததையும் கவனிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தான். மிச்சமிருந்த கண்ணை.

அவனுக்கு மூச்சு இரைத்தது, நாய்க்குட்டிக்கு இரைக்கிற மாதிரி. நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். இறக்கினால் அது அவன்மேல் வருகிற மாதிரி இருக்கும் என்று பயந்தேன். என் வாழ்க்கையில் என் கையைக் கண்டு நானே பயந்தது அப்போதுதான்.

மனைவி எழும்பி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கமராவை எடுத்தாள்.

“இனி அவனுக்கு எதக் குடுக்கிறண்டாலும் கீழ வெச்சிப்போட்டுத் தள்ளி நில்லுங்க,” என்றாள்.

இரண்டு வருடமாகிறது. அவள் என்னை வீட்டில் எடுத்துக்கொண்டாள். மச்சான் சின்னக் கமராவோடு கலியாணங்கள் எடுக்கிறான். முன்பு போலவே நன்றாக எடுக்கிறான், மூலையில் நின்று, குனிந்து திரையைப் பார்த்து. பேக்கைச் சுமப்பதும் லென்ஸ் துடைத்துக் கொடுப்பதும் என் வேலை. லென்ஸை மேசையில் வைத்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நிற்பேன். அவன் வந்து எடுத்துக்கொள்வான். பார்க்கிறவர்கள் அது எங்கள் தொழில் முறை என்று நினைக்கிறார்கள்.

போன கிழமை நிந்தவூரில் ஒரு கலியாண வீடு. பெண்ணின் வாப்பா மகளின் தலையில் கை வைத்து அழத் தொடங்கினார். மச்சானுக்கு உடனே மற்ற லென்ஸ் வேண்டும். பக்கத்தில் மேசை இல்லை, கதிரை இல்லை, சுற்றிவரச் சனம். உள்ளங்கையை விரித்து அதன்மேல் லென்ஸை வைத்து நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். நல்ல படம் கைநழுவிப் போகிறது என்று அவனுக்கும் தெரியும். அவன் வரவில்லை. அந்த வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகிப் போன பிறகு, நான் குனிந்து லென்ஸை ஆட்களின் செருப்புகளுக்கு நடுவில் தரையில் வைத்தேன். தள்ளி நின்றேன். அவன் வந்து எடுத்தான்.