எந்தக் கையால் பசியாறினீர்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் டாக்டராக இருந்தேன். வழக்கமான நோயாளிகளோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. அடிபட்டு வரும் தொழிலாளி இனிமேல் வேலை செய்ய முடியுமா, முடியாதா என்று பார்த்து ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், எழுத வேண்டும். முடியாது என்று எழுதினால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். முடியும் என்று எழுதினால் அவர் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவேன். அதுவே தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு நோயாளியிடம் பேசுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி என்று கடிதம் வந்ததும் எனக்குக் கடுப்பாகிவிட்டது. பேசுவதற்கா பயிற்சி? அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தொழிலாளர்களின் லயத்து வீட்டில் உட்கார்ந்து படித்து டாக்டரானவள் நான். மூன்று மொழியிலும் சண்டை போடுவேன். போகாவிட்டால் விளக்கம் எழுத வேண்டுமே என்றுதான் போனேன். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

பயிற்சி நடத்தியவர் ஒரு சீன அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார். எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் டாக்டராகவும் ஒருவர் நோயாளியாகவும் நடிக்கச் சொன்னார். எனக்கு நோயாளி வேஷம். கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள்: முதுகில் அடி, குனிய முடியாது, வலியால் தூக்கம் இல்லை. எனக்கு டாக்டராக வந்தவர் ஒரு மலாய் இளைஞர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று மலாயில் மிகவும் பவ்யமாகக் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறேன் டாக்டர் என்றேன். குனிய முடியுமா என்றார். எழுந்து, குனிந்து, கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினேன். அறையே சிரித்தது. அட்டையைப் படித்தீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார். படித்தேன் என்றேன். அப்புறம் ஏன் குனிந்தீர்கள் என்றார். மூக்குடைந்து உட்கார்ந்தேன்.

பதில் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. எங்கள் தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். அங்கே போக முடியாதவர்கள் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் போய் நிற்க வேண்டும். வலி என்று முனகினால், வேலைக்குச் சாக்குச் சொல்கிறாயா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். அதனால் எங்கள் ஆட்கள் மருந்துக்குப் போகும்போதும் குளித்து, தலைவாரி, திருநீறு பூசிக்கொண்டு விறைப்பாகத்தான் போவார்கள். எப்படி இருக்கிறாய் என்றால் நன்றாக இருக்கிறேன் என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், அது மரியாதை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள். அப்படியே வளர்ந்த நான், டாக்டரான பிறகு யாரையும் இரண்டாம் தடவை கேட்டதே இல்லை.

கோழிக்கறித் தட்டைத் தள்ளி வைத்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு பெம்பான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுபவர். குலை ஒன்று வலது தோளில் விழுந்திருந்தது. நன்றாக இருக்கிறேன் என்றார். கையைத் தூக்கச் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். வேலை செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன்.

பயிற்சி முடிந்த மறுநாளே தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டேன். போனை எடுத்த கணக்கெழுதும் கிராணி, "ரெண்டு நாள் வேலைக்கு வந்தாரு டாக்டர். குலை வெட்டுற கழிய தூக்க முடியல. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா பேர எடுத்துருவாங்க, வீட்டையும் விட்டுறணும்லா" என்றார். என் பாரத்தால் உதவித்தொகையும் இல்லை என்றாகியிருந்தது. தப்பு என்னுடையது, அவரை மறுபடி பார்க்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி, அனுமதி வாங்கி, அவரை வரச் சொன்னேன்.

மனைவியோடு வந்தார். அந்த அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்றார்.

"அது இருக்கட்டும்ண்ணே. நேத்து காலைல எழுந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க. அவசரமில்ல."

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"எழுந்தேன். மூஞ்சி கழுவுனேன். பசியாறுனேன்."

"என்ன பசியாறுனீங்க?"

"இட்டிலி, டாக்டர்."

"எந்தக் கையால?"

அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரை விடவும் மனமில்லை, மறுபடி கேட்கவும் வாய் வரவில்லை. அக்காதான் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "சோத்துக் கைய வாய்க்குக் கொண்டுபோக முடியல. பீச்சாங்கையால சாப்பிட மாட்டேங்கிறாரு. ரெண்டு மாசமா நான்தான் ஊட்டி விடுறேன்."

"அதெல்லாம் ஏன்லா இங்க சொல்ற?" என்றார் அண்ணன்.

"இங்க சொல்லாம வேற எங்க சொல்றதாம்?"

அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போதே அண்ணனுடைய வலது கையை எடுத்துத் தன் கைப்பைமேல் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்த இரண்டு பேர்மேலும் எனக்கு அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. அண்ணன் கையை அங்கேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முடியல டாக்டர்" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றேன்.

இவ்வளவையும் கேட்டு முடிக்க, எனக்குத் தெரிந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. புதுப் பாரத்தை எழுதி அனுப்பினேன், மாதம் முடிவதற்குள் உதவித்தொகைக்கு உத்தரவும் வந்தது. ஆனாலும் முதல் தடவையே எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் அவரிடம் சொன்ன அந்த ‘தெரியும்ண்ணே’ இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.