மனையடி தெரிந்த ஆடு

எங்கள் மாமா ஒரு பொய்யர். அம்மாவின் ஒரே தம்பி, தேனியில் இரும்புக்கடையில் வேலை பார்த்தவர், எனக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர், எல்லாம் சரிதான். ஆனாலும் பொய்யர். அவர் சொன்ன ஒரு பொய்யால் இத்தனை வருடமாக நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பெரியப்பா பிள்ளைகள் என்னைப் பார்த்து ‘மே’ என்று கத்துகிறார்கள். என் கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரத்தில்கூட ஒருத்தன் கத்தினான். ஐயர் திரும்பிப் பார்த்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சின்னமனூருக்குப் பக்கத்தில் ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே அடுப்படியில் அம்மா திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அப்பா ஒருவழியாக எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் வீடு கட்ட முடிவு செய்தார். மாடி கிடையாது. “ஏறி எறங்க நாம என்ன அணிலா?” என்றார். என் கணக்கு நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து அவரே பிளான் போட்டார். ரோட்டைப் பார்த்து ஹால் இருபதடி, அதை ஒட்டி அடுப்படி எட்டடி, நடுவில் ஒரு சுவர். எட்டும் இருபதும் மனையடி சாஸ்திரத்தில் நல்ல எண்கள். அப்பாவுக்குச் சாமிக்கு அடுத்தது மனையடிதான்.

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். “அடுப்படி எட்டடி காணாதுங்க” என்றாள்.

“அங்க என்ன ஆனையவா கட்டப் போற? நாலு பேரு வந்தா ஒக்கார ஹால் வேணும்ல.”

வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிய ஆளை வரப்பில் நிறுத்தி வைத்து, அவன் கும்பிடு போடும்வரை விடாதவள் அம்மா. அன்றைக்கு மட்டும் சண்டைக்கு நிற்காமல் போய், சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, திருப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அமாவாசை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அமாவாசை முன்பக்கத்தில்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் வந்தார். பூஜை போட்டு, மூலைக்கு மூலை குச்சி அடித்து, நூல் பிடித்து, சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டார். வெறும் மண்ணில் எங்கள் வீடு வெள்ளை வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. நான் வாசல் வழியாக ஆயிரம் தடவை போய்வந்தேன். ஆம்பளைகள் காபி குடிக்கப் போனபோது அம்மா அடுப்படிக் கோட்டுக்குள் போய் நின்றாள். குனிந்து எதையோ எடுக்கிற மாதிரி பாவனை செய்தாள். முழங்கையை விரித்துத் திரும்பினாள். “அடுப்பு இங்கன, கிரைண்டர் அங்கன” என்று முணுமுணுத்தாள். பிறகு குதிகாலும் விரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து, கோட்டைத் தாண்டி ஹாலுக்குள் வந்து நின்றாள்.

“அம்மா பாண்டி ஆடுது!” என்று கத்தினேன்.

“வாயப் பொத்து” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குத் தடங்கல் வரக்கூடாது என்று அப்பா குச்சனூர் சனீஸ்வரனிடம் சொல்லிவரப் போய்விட்டார். கடைக்கால் தோண்டுவது திங்கட்கிழமை. அதுவரை குச்சிக்கு நான் காவல். எங்கள் தோப்புப் பக்கம் ஒரு கறுப்பு வெள்ளாடு திரியும். அதைக் கிட்ட விடாதே, குச்சி அசைந்தால் வீடே அசைந்துவிடும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். நான் கையில் தென்னை மட்டையோடு நின்றேன். வீட்டையே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு.

மத்தியானம் மாமா மொபெட்டில் வந்தார். “காவக்காரி, தொண்டை காஞ்சிருக்குமே. போயி பன்னீர் சோடா ரெண்டு வாங்கிட்டு வா ஆத்தா. நான் பாத்துக்கிறேன்.” கடை அரைமைல். போனேன். வரும்போது ஒரு பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். திரும்பினால் மாமா அடுப்படிப் பக்கம் குத்தவைத்திருக்கிறார், முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு.

“காத்துல கோடு கலைஞ்சிருச்சு. திருப்பிப் போட்டேன்” என்றார்.

எங்கள் பள்ளத்தாக்கில் காற்று ஆளையே தள்ளும். கோட்டைத் தள்ளாதா? நம்பினேன். ஆடு எட்டக் கிடந்த ஆமணக்கை மேய்ந்துகொண்டிருந்தது. நான் இருந்தவரை குச்சிப் பக்கம் அது வரவே இல்லை. அதற்கு நானே சாட்சி.

கல்கட்டு முழங்கால் உயரம் வந்தபிறகு ஒருநாள் எல்லாரும் பார்க்கப் போனோம், மாமாவும் வந்திருந்தார். அப்பா ஹாலில் நின்று, “என்னமோ குறுகலாத் தெரியுதே” என்றார். டேப்பை எடுத்தார். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். ஹால் பதினேழடி இருந்தது. கொத்தனாரைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. கொத்தனார், “குச்சி இருந்த எடத்துல தோண்டுனேண்ணே. எனக்கென்ன வேண்டுதலா?” என்றார்.

அப்போதுதான் மாமா தொண்டையைக் கனைத்தார். “மச்சான், அன்னைக்கு ஆடு வந்து குச்சியப் புடுங்கிருச்சு. நாந்தான் குத்துமதிப்பா ஊண்டுனேன். காவக்காரி அங்கன இல்லையே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோடா வாங்கப் போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அடுப்படியை அளந்தார். பதினொன்று. மனையடிக் கணக்கை விரல்விட்டுப் பார்த்தார். பதினொன்று ஆகும். பதினேழும் ஆகும். டேப்பை விட்டார், அது சர்ரென்று சுருண்டு என் விரலில் அடித்தது. அவர் கைகளைக் கூப்பினார். “ஆடு இல்ல மாப்ள. நம்ம சாமி. அதுக்கு எந்த அளவு வேணுமோ அதப் போட்டுட்டுப் போயிருக்கு” என்றார். அன்று சாயங்காலம் அந்தக் கறுப்பு ஆட்டுக்கு மாலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கிடைத்தன. மாலையையும் அது தின்றது. “சாமி வந்துச்சு, சரி. நீ காவல விட்டுட்டு எங்கன போன?” என்று எனக்கு இன்னொரு குட்டு கிடைத்தது. அன்று பிறந்ததுதான் அந்த ‘மே’.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா எனக்கு மட்டும் பணியாரம் சுட்டாள். குட்டு விழுந்த இடத்தில் எண்ணெய் வைத்து நெடுநேரம் தேய்த்துவிட்டாள். என்மேல் பாவப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன், இன்னும் இரண்டு பணியாரம் வந்தது.

இப்போது நான் ஜெயமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் சொந்த நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் பிளான் போட்டார். அடுப்படி எட்டடி. பன்னிரண்டு வேண்டும் என்றேன். சாஸ்திரப்படி பன்னிரண்டு ஆகாது என்றார். சாஸ்திரம் வந்து தோசை சுடட்டும் என்றேன். அவர் காலண்டரைத் திருப்பி என் முன்னால் நீட்டினார். பின்பக்கத்தில் மனையடி அட்டவணை.

படித்தேன். அப்பா அன்றைக்குப் போட்ட அளவுகள் நினைவுக்கு வந்தன. எட்டு ஆகும், இருபது ஆகும். அடுப்படியை ஒன்பதாக்கினால் ஆகாது. பத்தாக்கலாம், ஆனால் ஹால் பதினெட்டாகிவிடும், அது ஆகாது. பதினொன்றாக்கினால் ஹால் பதினேழு. இரண்டும் ஆகும்!

நடுச்சுவருக்கு இரண்டு முனையிலும் குச்சி உண்டு. இரண்டையும் பிடுங்கி, இரண்டையும் சரியாக மூன்றடி நகர்த்தி, அப்பா மறுத்துப் பேச முடியாத ஒரே அளவைக் கண்டுபிடித்து, கோடும் போட்டுவிட்டுப் போக அந்த ஆடு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது?

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஏம்மா, அந்த மூணடி...” என்றேன். சிரித்தாள், அடக்க முடியாமல் சிரித்தாள். “அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது வயதில் எனக்குப் பணியாரம்தான் தெரிந்தது, அது எதற்குக் கிடைத்த லஞ்சம் என்று தெரியவில்லை. ஊரையே அதட்டுகிற அம்மா தன் சொந்த வீட்டில் மூன்றடி கேட்க ஏன் ஒரு தம்பிக்கும் ஓர் ஆட்டுக்கும் பின்னால் ஒளிந்தாள் என்பதும் தெரியவில்லை. இன்றைக்கு அப்பா அந்த அடுப்படியில்தான் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். ஹால் காலியாகக் கிடக்கிறது. வருகிற நாலு பேரிடமும், “அடுப்படி எம்புட்டுப் பெருசு பாத்தீகளா, சாமி குடுத்தது” என்கிறார்.

வருகிற தையில் என் வீட்டுக்குப் பால்காய்ப்பு. மைக்செட்டுக்குச் சொல்லியாயிற்று. ‘மே’ என்று கத்துகிற அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. மாமா, சீர்த்தட்டை ஓரமாக வையுங்கள். அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள், மூன்றடி கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அந்தக் குச்சியைப் பிடுங்கியது யார்?