ஸ்டாப்பை அமுக்கியும் நிற்காத பெல்ட்

தூத்துக்குடியில் ஓர் உப்பு பேக்கிங் கம்பெனியின் பெல்ட்டை ஓட்டும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதிய மேதை அடியேன்தான். "ஸ்டாப்பை அமுக்குன நொடியே என் புரோகிராம் பெல்ட்டை நிறுத்திரும்க்கா. இதுக்குப் பேரு ஈவென்ட்" என்று ஆபரேட்டர் ஜெசிந்தா அக்காவிடம் பீற்றியிருந்தேன்.

முதல் நாள், முதலாளியை அசத்துவதற்காக ஸ்டாப் பட்டன் இருக்கும் அதே கம்ப்யூட்டர் திரையில் ஒரு மாத உற்பத்தியை வண்ணப்படமாக வரையவிட்டேன். அந்த நேரம் பார்த்து பாக்கெட் அடுக்கும் இசக்கியண்ணன் கை பெல்ட்டில் சிக்கியது. அக்கா ஸ்டாப்பை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். பெல்ட் நிற்கவில்லை, என் படம்தான் அழகாக வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார்.

"ஏலே, நான் அமுக்குனது எங்கன போச்சு?"

அமுக்கியது முதலில் வெறும் மெசேஜாக வரிசையில் நிற்கும். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுப் புரோகிராம் அதை எடுத்த பிறகுதான் அது ஈவென்ட் ஆகும். பரீட்சையில் எனக்குப் பத்து மார்க் வாங்கித் தந்த பாடம் இது.

"வரிசையில நின்னுச்சுக்கா. படம் முடியட்டும்னு..."

"வெரலும் வரிசையில நிக்குமாலே?"

மக்ரூன் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலக்கை முழுக்கக் கட்டு. இசக்கியண்ணன் சிரித்தபடியே இடக்கையை நீட்டினார். டப்பாவை நானே திறந்து, ஒரு மக்ரூனை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.