மோதினார் அல்லா பிச்சையின் பயம்

அல்லா பிச்சைக்கு ரங்கூனில் துணிக்கடை இருந்தது. 1964-ஆம் வருஷம் ஒரு காலையில் கடையைத் திறக்கப் போனவர், கதவில் காகிதம் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். ராணுவம் பர்மாவைப் பிடித்து இரண்டு வருஷமாகியிருந்தது; இப்போது கடைகளையும் எடுத்துக்கொண்டது. ஒரு சிப்பாய் சாவிக்குக் கையை நீட்டினான். பதினாறு வருஷக் கடை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டையும் விட்டுவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த ஏழு வாரமும் அவரும் மனைவி மெஹராஜ் பேகமும் ஒரு பள்ளிவாசல் வராந்தாவில் கிடந்தார்கள். வெளியே ஜீப் சத்தம் கேட்டால் வராந்தா முழுக்கப் பேச்சு அடங்கிவிடும். யாரை இறக்குவார்கள், யாரை ஏற்றுவார்கள் என்று தெரியாது. பள்ளிவாசல்காரர்கள் தினமும் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி, வந்தவர் இந்துவா முஸ்லிமா என்று கேட்காமல் ஊற்றினார்கள். அதுவரை வெள்ளிக்கிழமை மட்டும் தொழுத அல்லா பிச்சை அங்கேதான் ஐந்து வேளையும் தொழப் பழகினார். "நெத்தி தரையில பட்டிருக்கிற நேரத்துலதான் நடுக்கம் நின்னுச்சு" என்று பிற்பாடு சொல்வார். அதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லிக்கொண்டதில்லை.

திருவாரூருக்குத் தெற்கே உள்ள சொந்த ஊருக்குத் திரும்பி, பள்ளிவாசலில் மோதினார் ஆனார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, கைகால் கழுவும் ஹவுல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, மதிலுக்குள் இருந்த கீற்றுக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது. நாற்பது வீட்டு முஸ்லிம் தெரு அது. சுற்றிலும் மிராசுதார் நிலம்.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு மூன்றாவது தை அறுவடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு சேரி ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் அடிதடியானது. மறுநாள் முற்பகலில் சேரிப் பக்கம் புகை எழும்பியது. ஆண்கள் ஏற்கெனவே ஓடி ஒளிந்திருந்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால், அறுத்த தாளடி வயலின் ஊடே பதினோரு பெண்கள் ஓடிவந்து பள்ளிவாசல் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவள் அம்சம். நடவுக்குப் பெண் ஆட்களைக் கொத்தாகச் சேர்த்து விடுகிறவள், எல்லோருக்கும் தெரிந்தவள்.

"பாய், துரத்திக்கிட்டு வர்றாங்க. நாங்க சேரி ஆளுங்க. உள்ள வரலாமா?"

தெருவின் நாட்டாண்மை ஜெக்கரியா மரைக்காயர் வேகமாக வந்து அல்லா பிச்சையின் காதோரம் சொன்னார்: "வேணாம். நம்ம கடை கண்ணி எல்லாம் மிராசுதார நம்பி இருக்கு. நாளைக்கு நம்ம தெருவக் கொளுத்துனா யாரு வருவா?"

அந்தப் பேச்சில் தப்பில்லை என்றே மோதினாருக்குப் பட்டது. அதே கணத்தில் ரங்கூன் வராந்தாவும் கஞ்சி அண்டாவும் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே யாரும் அவரை வாசலில் நிறுத்தவில்லை.

"வாங்கம்மா, கொட்டகைக்குப் போங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. கதவை இன்னும் அகலத் திறந்த பிறகுதான் அம்சம் படியேறினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் தியாகராசனும் கம்போடு ஆறு பேரும் இறங்கினார்கள்.

"மோதினாரே, உள்ள பொம்பளைங்க இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பள்ளிவாசல் படியில் நின்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்காங்க."

"வெளியில அனுப்புங்க."

"இது அல்லாவோட வீடுங்க. உள்ள வரணும்னா செருப்பையும் கம்பையும் வெளியில வெச்சுட்டு வாங்க. அவங்களா வந்தா கூட்டிட்டுப் போங்க. நான் அனுப்ப மாட்டேன்."

தியாகராசன் இரண்டு படி ஏறினார். அல்லா பிச்சை நகரவில்லை. நகரக் கால் வரவில்லை என்பதே நிஜம். அப்படியே திரும்பி, நேரமாகியும் சொல்லாமல் விட்டிருந்த பாங்கைச் சொல்லத் தொடங்கினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தெருவில் கதவுகள் திறந்தன. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து படியில் நின்றார்கள். ஜெக்கரியா மரைக்காயரும் வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் முதல் படியில் நின்றார்.

"எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு தியாகராசன் ஜீப்பில் ஏறினார்.

பெண்கள் நான்கு நாள் கொட்டகையில் இருந்தார்கள். மெஹராஜ் பேகம் வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சினாள். ஐந்தாம் நாள் தாசில்தார் வந்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியதில் கூலி கொஞ்சம் கூடியது. பெண்கள் சேரிக்குத் திரும்பிய வாரத்திலேயே, வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகையில் இருந்தபோது, கீற்றுக் கொட்டகை எரிந்தது. வைத்தது யார் என்று போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் மோதினாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். மூன்று மாதம் அவர் தனியாகக் கடைத்தெருவுக்குப் போகவில்லை.

"ஏன்தான் கதவத் திறந்தீங்க?" என்று மெஹராஜ் ஒருநாள் அழுதாள்.

"மூடியிருந்தா மட்டும் பயம் போயிருக்குமா?" என்றார்.

அடுத்த வருஷம், மிராசுதார்களின் நிலத்தில் குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று அரசு சட்டம் போட்டது. அதற்கு மனு எழுத வேண்டும். சேரியில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. எழுதிக் கொடுக்கத் துணிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அம்சம் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தாள். மிராசுதார் பெயரைக் காகிதத்தில் எழுதும்போது அல்லா பிச்சைக்கு எழுத்து கோணும். கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அந்தக் கோடையில் அறுபத்து மூன்று மனுக்கள். ஒவ்வொரு மனுக் கட்டையும் தாலுகா ஆபீசுக்கு அவரே பஸ்ஸில் கொண்டுபோனார். தனியே போகப் பயந்ததால் மெஹராஜும் கூடப் போனாள். போகும் வழியெல்லாம் மனுக்கள் இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாள்.