மச்சானுக்குச் செய்த நாலாவது கீபோர்டு

என் மனைவியின் தம்பி, என் மச்சான், மஞ்சக்குப்பத்தில் மனு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆலப்பாக்கத்துப் பக்கம் பைக் ஓட்டியது நான்தான். ரோட்டில் வைக்கோல் பரப்பிக் கிடந்தது. மெதுவாகப் போகச் சொன்னான். எனக்கு அப்படி என்ன அவசரமோ, காதில் வாங்கவில்லை. வழுக்கி விழுந்ததில் எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமலே போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பியபின் எட்டு மாதம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. மனைவி மட்டும் போய் வருவாள். நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

சிதம்பரத்தில் எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வேலை. தெரிந்த வேலையைத்தானே செய்ய முடியும்? மச்சானுக்கென்று ஒரு கீபோர்டு வரைந்தேன். முக்கால்வாசி எழுத்து இடது கைக்கு. மீதியை வலது கட்டைவிரலும் சுண்டுவிரலும் பார்த்துக்கொள்ளும். சர்க்யூட் போர்டின் படத்தை அதற்கென்று இருக்கிற கம்பெனிக்கு அனுப்பினால் செய்து கூரியரில் அனுப்பிவிடுவார்கள். பெட்டியையும் பட்டன்களையும் நானே த்ரீடி பிரிண்டரில் எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து, முதல் போர்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அது மானத்தை வாங்கியது. அவசரத்தில் ஒரு வரிசைக்கே இணைப்பை மாற்றி வரைந்திருக்கிறேன், மடையன்! அந்த வரிசையில் எதை அடித்தாலும் எழுத்து விழவில்லை.

"இதுக்கு நான் இடது கையாலயே எழுதிக் குடுத்துடுவேன் மாமா" என்று சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்கு உயிர் வந்தது. அன்று அங்கேயே சாப்பிட்டேன்.

இரண்டாவதில் எல்லா எழுத்தும் விழுந்தன. ஆனால் கட்டைவிரல் பட்டன் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்றான். இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி மூன்றாவது போர்டு செய்தேன். பெட்டியின் ஓரம் மணிக்கட்டில் குத்துகிறதாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், அப்புறம் ஓரத்தையே வளைத்து மறுபடி பிரிண்ட் எடுத்தேன். நாலாவதை நீட்டியபோது, "சத்தம் ஜாஸ்தியா இருக்கே மாமா" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று கத்திவிட்டேன். அவன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான்.

அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "கோச்சிக்காதீங்கண்ணே. ரெண்டாவது போர்டுலயே அவுரு வேல பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நீங்க வர்ற அன்னைக்கி மட்டும் அத எடுத்து பீரோவுல வெச்சிடுவாரு. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டா மாமா வர்றத நிறுத்திடுவாருன்னு பயப்படுறாரு."

தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்தேன். அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினேன். சிதம்பரம் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன். கதவைத் திறந்தவன் என் கையைத்தான் முதலில் பார்த்தான்.

"இன்னைக்கி என்ன மாமா கொண்டாந்த?"

"ஒண்ணும் இல்ல மச்சான். அன்னைக்கி வண்டி ஓட்டுனதுல தப்பு என்னுதுதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

கதவைப் பிடித்திருந்த அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வெரல் போனதுக்குக் கூட நான் அழுவல மாமா. எட்டு மாசம் நீ வரலியே, அதுக்குத்தான் அழுதேன்."