செம்பு ரவையும் ஆட்டின் தோளும்

நான் ஏன் அந்த ஒரு கை அகலம் பின்னால் குறி வைத்தேன்?

ஜேர்மனியின் ஆஹென் நகருக்குத் தெற்கே ஒரு மலைச்சரிவில், கவனிக்க ஆளில்லாமல் விடப்பட்ட ஆடுகள் காட்டில் பெருகி, புதிதாக நட்ட மரக்கன்றுகளைத் தின்று தீர்த்தன. சுட்டுக் குறைக்க அனுமதி கிடைத்தது. அந்த வேட்டைப் பகுதியைக் குத்தகைக்கு வைத்திருக்கும் ஜேர்மன் பெண் என்னையும் அழைத்தார். மகள் பிறக்கும் முன்பே நான் வேட்டை உரிமம் எடுத்திருந்தேன்.

துப்பாக்கி ரவையைத் தெரிவு செய்வதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஈயக் குண்டு உடலுக்குள் துகள்களாகச் சிதறும். நாங்கள் எலும்போடு கொத்திக் கறி வைக்கிறவர்கள். மூன்று வயது மகளின் தட்டில் விழுவது எலும்புத் துணுக்கா ஈயமா என்று யார் பார்ப்பது? ஆகவே செம்பு. அது அநேகமாகச் சிதறாது. ஆனால் தூரம் கூடி வேகம் குறைந்தால் சரியாக விரியாது. நூறு மீற்றருக்கு அப்பால் சுடுவதில்லை என்று முடிவெடுத்து, அதே ரவையால் சுடுதளத்தில் பழகினேன்.

குறி வைக்கும் இடத்தில்தான் வீட்டில் வாக்குவாதம். குத்தகைக்காரி சொன்னது தோள். ஆட்டின் இதயமும் நுரையீரலும் பலர் நினைப்பதைவிட முன்னே இருக்கின்றன. தோளெலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் நின்ற இடத்திலேயே விழும். சரிவில் உருண்டு வதைபடாது. என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"இஞ்சரும், முன்னங்காலை மட்டும் உடைச்சுப்போடாதையும். எலும்போட கறிக்கு அதுதான் திறம்."

"வேணுமெண்டால் நீங்கள் வந்து ஆட்டோட கதைச்சுப் பாருங்கோ."

"எனக்குத் துவக்குச் சுட ஏலாது. கரண்டிதான்."

அந்தச் சனிக்கிழமை முதல் ஆடு எண்பது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது. தோளில் சுட்டேன், கால் மடிந்து அப்படியே விழுந்தது. இரண்டாவதும் நன்றாகத்தான் நின்றது. ஆனால் குறியை ஒரு கை அகலம் பின்னால் நகர்த்தினேன். கறிக்காகவா, நீண்ட உரோமம் கண்ணை ஏமாற்றியதா? ஆடு முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போனது. குத்தகைக்காரியின் நாய் அதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆயிற்று. உயிரோடு கிடந்தது. இரண்டாவது ரவையையும் நானே சுட்டேன்.

அவர் திட்டவில்லை. அடுத்த முறை சமையலறையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கணவர் கேட்டார்: "தோள் தப்பிச்சுதோ?"

"ஓம், தப்பிச்சுது. அரை மணித்தியாலம் அந்த ஆடுதான் பாடுபட்டது."

"அப்ப தோளை உடைச்சுப்போடும். நான் பின்னந்தொடையைச் சமைக்கிறன்."

எனவே இனித் தோள்தான்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. மிச்சம் நான்கு ஆடுகள். நாங்கள் போகும்போதெல்லாம் அவை பாறைமேல் ஏறி, பக்கவாட்டாக நிற்காமல் எங்களை நோக்கிச் சாய்வாகவே நிற்கின்றன. அருகிலுள்ள தோளின் முன்பக்கமாகச் சுடலாம் என்கிறார் குத்தகைக்காரி. பக்கவாட்டாகத் திரும்பும்வரை காத்திருக்கவே நான் விரும்புகிறேன். திரும்பாவிட்டால் வெறுங்கையோடு வரவேண்டும். செம்பு ரவையால் ஆடு சுட்டுப் பழகியவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் சுடுவீர்களா, காத்திருப்பீர்களா என்று தயவுசெய்து எழுதுங்கள்.