பாம்புக்காதும் இடது பக்கத்து ஸ்பீக்கரும்

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் சம்பளப் பட்டியலிலும் மின்சார பில்லிலும் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் பாம்புக்காது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். தரைத்தளத்தில் நின்றுகொண்டே, மேலே போகிற லிஃப்டின் சத்தத்தைக் கேட்டு, "அஞ்சாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு" என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். மற்ற கிளைகளிலிருந்து அவருக்குப் போன் வரும். கூப்பிட்டவர்கள் ஒன்றும் பேச மாட்டார்கள், போனை மோட்டாருக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். இவர் இடது கையில் டீ கிளாஸும் வலது காதில் போனுமாகக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் ஓதிய வேதம் ஒன்றே ஒன்றுதான்: "சந்தேகம் வந்தா இடம் மாத்திப் பாரு. எது கூடவே கோளாறும் நகருதோ, அதுலதான் கோளாறு."

ஓய்வு பெற்றதும் அந்தக் காது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டு மிக்ஸி கரகரத்தாலும் இவர் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வருவார். ஆனால் மிக்ஸிகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடைசியில் தன் காதுக்குத் தகுந்த தீனி வேண்டும் என்று முடிவு செய்து, ஹாலில் ஹோம் தியேட்டர் வைத்தார். டிவியைச் சுற்றி மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரு பக்கச் சுவரிலும் ஆணி அடித்து இரண்டு, மூலையில் தரை அதிர இடிப்பதற்கென்று ஒன்று. எல்லாமே வயர் போட்டது.

வயர் விஷயத்தில் அவருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது. மாப்பிள்ளை வயர்லெஸ் கட்சி. கடிகாரம், காதில் மாட்டுவது, கதவு மணி, தராசு என்று அவர் வீட்டில் எதற்கும் வால் கிடையாது.

"எந்தக் காலத்துல இருக்கீங்க மாமா? ஹால் முழுக்க வயர் ஓடுது. அத்தை தடுக்கி விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"வயர்னா ஒரு நம்பிக்கை மாப்பிள்ளை. இந்த முனையில போட்டா அந்த முனையில வந்து நிக்கும். காத்துல அனுப்புறது போய்ச் சேந்துச்சா இல்லையான்னு யாரு பாத்தா?"

அத்தை, அதாவது இவருடைய மனைவி, அதற்கு முன்பே பால்கனிக் கதவருகே ஈரத்துணி வாளியோடு இரண்டு தடவை தடுக்கியிருந்தாள். நூலகத்தில் வேலை பார்த்தவள். காலமெல்லாம் அடுத்தவர் படிப்பைக் கெடுக்காமல் பேசிப் பழகிய குரல். சோபாவில் அவளுடைய இடம் இடது ஓரம். படிக்கிற விளக்கு அங்கேதான் நின்றது. அவள் படிப்பாள், அவ்வப்போது ஏதாவது சொல்வாள். வலப்பக்கம் அவர், கையில் ரிமோட்டோடு. "ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் கிடையாது மாப்பிள்ளை" என்று அவர் பெருமையடித்துக்கொள்வதுண்டு. "அவளும் ரொம்ப அமைதியாயிட்டா. போன வருஷம் அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பினா பாருங்க, ஒரு வார்த்தை சொல்லல. பையை எடுத்தா, போயிட்டா. அப்படி ஒரு பக்குவம்."

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடது பக்கத்துப் பின் ஸ்பீக்கர் மக்கர் செய்தது. படத்தில் மழை பெய்தால் வலது பக்கம் மட்டும் பெய்தது. குதிரைகள் வலது பின்னாலிருந்து புறப்பட்டு, இடது பக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதுபோல் நடந்தன. அவர் ஆம்ப்ளிஃபயரில் இடது பின் ஸ்பீக்கரின் அளவைக் கொஞ்சம் ஏற்றினார். போதவில்லை. இன்னும் ஏற்றினார். ஏற்றுவதற்கு மேலே இடமே இல்லாதவரை ஏற்றினார்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அந்த இடது பக்கத்துச் சுவர்தான்.

"சார், நேத்து எங்க அலமாரிக்குள்ளேருந்து மழை கொட்டுச்சு. குழந்தை பயந்து எழுந்துடுச்சு."

"எந்த ஸ்பீக்கர் சார்?"

"இந்தச் சுவத்துல இருக்கறதுதான்."

"எனக்கே கேக்கல, உங்களுக்கு எப்படி சார் கேக்குது?"

பல்லைப் பற்றி மட்டுமே படித்த மனிதர், தன் காதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார். இவர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஸ்பீக்கர் சத்தத்தை முன்னால் விடாமல் பின்னால் சுவருக்குள் விடுகிறது. உற்பத்திக் கோளாறு.

விஷயம் வெளியே கசிந்தது. பாம்புக்காது வீட்டிலேயே ஒரு சத்தம் சரியில்லையாம், அவரால் கண்டுபிடிக்க முடியவில்லையாம் என்று லிஃப்டில் போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டார்கள். மிக்ஸி கரகரத்தவர்கள் கடைக்கே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அவருக்கு இதுதான் பொறுக்கவில்லை. வேலை போனது, பதவி போனது, மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவர் வெறும் மின்சார பில்தான்.

தன் வேதத்தையே எடுத்துக்கொண்டார். இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார், வலதை இடதில் மாட்டினார். இடதுதான் கேட்கவில்லை. சரி, ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. வயரை மாற்றினார். இடதுதான் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கடைக்குக் கொண்டுபோய், அங்கே நாலு பேர் முன்னால் சோதித்து, "நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்ல வைத்து, அப்படிச் சொன்னவரை முறைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளையை சோபாவில் தன் இடத்தில் உட்கார வைத்தார்.

"மாமா, இடது பக்கம்தான் காதைக் கிழிக்குது!"

"உங்க காதுல எப்பவும் ஏதாவது ஒண்ணு சொருகியிருக்கு மாப்பிள்ளை. உங்களை நம்பி எப்படி?"

"அப்ப வயர்லெஸ் போட்டுப் பாருங்க. நானே வாங்கித் தர்றேன்."

வேறொரு நாளாக இருந்தால் சண்டையே வந்திருக்கும். ஆனால் இடம் மாற்றிப் பார்க்க வீட்டில் வேறு ஒன்றும் மிச்சமில்லை. கொள்கையை விழுங்கிக்கொண்டு சரி என்றார். அடுத்த வாரமே பெட்டி பெட்டியாக வயர்லெஸ் வந்து இறங்கியது. மாப்பிள்ளை வெற்றி வீரராக ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசிப் பெட்டியிலிருந்து சுருள் சுருளாக ஏதோ வெளியே வந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"அது... கரண்டு வயர் மாமா. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பிளக் பாயின்ட் வேணும்ல?"

"இதுக்கு முந்தி பின்னால இருந்த ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயர்தான். பிளக் கெடையாது."

"இது சத்தத்துக்கான வயர் இல்ல மாமா. வெறும் கரண்டுதான்."

"ஓகோ. தடுக்கி விழறவங்ககிட்ட அப்படிச் சொல்லிடலாம்."

ஹாலில் இருந்த பிளக் பாயின்ட்கள் போதவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டு வாங்கி வந்தார்கள். வயர் இல்லாத ஸ்பீக்கர்கள் வேலை செய்ய ஆரம்பித்தபோது, வயர் உள்ள காலத்தில் இருந்ததைவிட அதிகமாக வயர் தரையில் கிடந்தது. மனைவி வாளியை வைத்துவிட்டு ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவருக்கு அது கேட்கவில்லை, அவர் வெற்றிக் களிப்பில் இருந்தார். தோற்றுப்போன மாப்பிள்ளை, மாமனாரின் போனில் ஏதோ ஒன்றை ஏற்றி, சோதனைச் சத்தம் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கணவனும் மனைவியும் மட்டும் இருந்த அந்த மாலையில் அவர் சோதனையைத் தொடங்கினார். போனைத் தொட்டதும் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' என்று காற்றுப் போகிறமாதிரி சத்தம் வரும். முன் இடது, நடு, முன் வலது, பின் வலது. எல்லாம் சுத்தம். பின் இடது வந்தது. எங்கோ தூரத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பேர்வழி என்று சோபாவின் மேல் மண்டிபோட்டு, முதுகுச் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பி ஸ்பீக்கர்களை நேருக்கு நேர் முறைத்தபடி மறுபடி சத்தத்தை ஓடவிட்டார். அந்த ஸ்பீக்கர் 'ஷ்ஷ்' என்று கணீரென்று சொன்னது.

"மாட்டிக்கிட்டியா! பேசுறே பாரு!" என்று கத்தினார்.

இன்னொரு சுற்று விட்டார். இப்போது அடுத்த ஸ்பீக்கர், இத்தனை மாதமாக நல்ல பிள்ளையாக இருந்த வலது பக்கம், முணுமுணுத்தது. ஒன்று சரியானால் இன்னொன்று போகிறதே என்று அலுத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினார். வலது சரியானது, இடது போனது. பின்பக்கம் திரும்பினார். இடது சரியானது, வலது போனது. முன்பக்கம். பின்பக்கம்.

அப்புறம் அவர் திரும்புவதை நிறுத்திவிட்டார். போன் மட்டும் தன்பாட்டுக்கு ஸ்பீக்கர் ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' சொல்லிக்கொண்டு போயிற்று. கோளாறு நகர்ந்துகொண்டிருந்தது, அவர் கூடவே. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெஷின் ரூம்களில் மோட்டாருக்கு இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர். ஸ்பீக்கரை மாற்றினார், வயரை மாற்றினார், கொள்கையைக்கூட மாற்றினார். இடம் மாற்றிப் பார்க்காமல் விட்ட ஒரே சாமான் தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். மனைவி புத்தகத்தை மூடியிருந்தாள். அவளைப் பார்ப்பதற்கு முழு உடம்பையும் திருப்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்பலேருந்து?"

"நீங்க வீட்டோட இருக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. இங்க உக்காந்துதான் சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுபோனது. "இந்தப் பக்கம் வந்து சொல்றதுக்கென்ன?"

"பாம்புக்காதுகிட்ட வந்து காது சரியில்லன்னு சொல்றதா? யாரால முடியும்?"

"வேற என்ன சொன்ன? இத்தனை நாளா?"

அவள் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவினாள். "அக்காவுக்கு ரொம்ப முடியல, ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வந்துடலாம், வாங்கன்னு கூப்பிட்டேன். ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. நீங்க டிவியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்குக் கேக்கலையா, இல்ல கேட்டும் பேசாம இருக்கீங்களான்னு எனக்குத் தெரியல. அக்கா வேற, உங்க வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. காது கேக்காமத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பஸ் ஏறினேன்."

அக்கா இப்போது இல்லை. பையை எடுத்தா, போயிட்டா, அப்படி ஒரு பக்குவம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னது நினைவுக்கு வந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. காது போனதைவிட அது பெரிய வலியாக இருந்தது.

"எந்திரி" என்றார்.

"எதுக்கு?"

"எந்திரி, சொல்றேன்."

அவளை வலது ஓரத்துக்கு வரச் சொல்லிவிட்டுத் தான் இடது ஓரத்துக்கு நகர்ந்தார். அவளுக்குப் படிக்க விளக்கு வேண்டுமே. விளக்கைத் தூக்கி வலப்பக்கம் கொண்டுபோனார். அங்கே செருக இடமில்லை, எல்லா ஓட்டையையும் வயர்லெஸ் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு நொடி பார்த்தார். பின் வலது ஸ்பீக்கரின் பிளக்கை, இத்தனை நாளும் அவருக்கு மழையும் குதிரையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பக்கத்தின் பிளக்கை, பிடுங்கிப்போட்டுவிட்டு விளக்கைச் செருகினார்.

"இப்பச் சொல்லு."

"எதை?"

"எல்லாத்தையும். விட்ட எடத்துலேருந்து."

"விட்ட எடமா? அதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"எனக்கென்ன வேலை இருக்கு?"

அவள் முதலில் தயங்கினாள். பிறகு அக்காவிடமிருந்து தொடங்கினாள். அங்கிருந்து தடுக்கிய வாளிக்கு வந்து, எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குப் போய், யாரைக் கேட்டு ஹாலில் ஆணி அடித்தீர்கள் என்பதில் வந்து நின்றாள். அவர் சும்மா இருப்பாரா? "அதுக்கு நீயும்தானே சரின்ன?" என்றார். "நான் வேண்டாம்னேன்! அந்தப் பக்கத்துலேருந்து வேண்டாம்னேன்!" என்றாள். நூலகக் குரல் மெல்ல மெல்ல நூலகத்தை விட்டு வெளியே வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. இருவருக்கும் கண் கலங்கியிருந்தது, இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நடுவில் பல் டாக்டர் சுவரைத் தட்டினார். இடது பக்கத்துச் சுவர், இவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. அவள் அதை அவரிடம் சொல்லாமல், தான் சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து சொன்னாள்.